கடைமடைக்கு வரும் வெளிச்சம்

கிருஷ்ணன்கோவிலில் நெடுஞ்சாலையை விட்டு வத்திராயிருப்புப் பக்கம் திரும்பினால் இருட்டின் குணமே மாறிவிடும். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற அந்தப் பெரிய சாலையில், முன்பு எண் 208, இப்போது 744, யாராவது ஒருவருடைய வெளிச்சம் எப்போதும் கூட வந்துகொண்டிருக்கும். சுந்தரபாண்டியம் சாலையில் நம் விளக்கை மட்டுமே நம்ப வேண்டும். இரண்டு பக்கமும் வயலும் தென்னையும். மேற்கே மலை. தறிவேலை முடித்துச் சைக்கிளில் திரும்புகிறவர், பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், சாலையில் காயப்போட்ட நெல்லைச் சுற்றி அடுக்கிய கற்கள், வரப்பிலிருந்து ஏறி வரும் மாடு, எல்லாம் அந்த இருட்டுக்குள்தான் இருக்கின்றன.

சதுரகிரி மலைக்கோவிலுக்குப் போகிறவர்களும் இந்தப் பக்கமாக வந்துதான் அடிவாரத்துத் தாணிப்பாறைக்குப் போகிறார்கள். பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு நிலா துணை. அமாவாசைக்கு வருகிறவர்களுக்கு அதுவும் இல்லை. ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் ஆடி அமாவாசைக்குத்தான். நிலா இல்லாத ராத்திரியில்தான் இந்தச் சாலையில் ஆள் நடமாட்டம் அதிகம் என்பதைப் பழைய வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நானும் அதனால்தான் ஹெட்லைட் பற்றி இவ்வளவு யோசிக்கிறேன்.

*

என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் செய்த வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961இல் இதைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். வடிவம் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்தது. பிற்பாடு இங்கிலாந்திலேயே வராத நான்கு கதவு ஹெரால்டையும் சென்னையில் செய்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டு. பக்கவாட்டுக் கொக்கி இரண்டையும் விடுவித்துத் தூக்கினால் போனட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்னால் கவிழ்ந்து நிற்கும். இன்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்க இதைவிட வசதியான கார் இல்லை. முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம்.

ஆனால் விளக்கும் போனட்டோடு எழுந்து போகிறதே! அதற்குப் போகிற வயர் ஒவ்வொரு முறையும் வளைகிறது. கழற்றி மாட்ட வசதியாக நடுவில் புல்லட் கனெக்டர் வைத்திருக்கிறார்கள்: பித்தளைக் குமிழ் ஒன்று, அது நுழையும் குழல் ஒன்று, மேலே ரப்பர் உறை. ஐம்பது அறுபது வருஷம் மழையும் தூசியும் பட்ட பிறகு அந்தக் குழலுக்குள் என்ன இருக்கும் என்று பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சைக் களிம்பு.

*

வெளிச்சம் மங்கலாக இருந்தால் நம் கை முதலில் பல்புக்குப் போகிறது. ராஜபாளையத்தில் எனக்கு வயரிங் பார்க்கிற அண்ணாச்சியிடம் நானும் பல்பைத்தான் கேட்டேன்.

“அண்ணாச்சி, பெரிய பல்பாப் போட்டுருவமா?”

“பல்பு என்னய்யா செய்யும்? அது வரைக்கும் என்ன வந்து சேருதுன்னு பாத்தியா?”

மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். விளக்கை எரியவிட்டு பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார்: 12.4. ஹெட்லைட்டுக்குப் பின்னால், பல்ப் ஹோல்டரின் முனைகளில் வைத்தார்: 10.9. ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விட்டது.

பிறகு ஹோல்டரைக் கழற்றிவிட்டு, அதே வயர் முனையில் வைத்துக் காட்டினார். கிட்டத்தட்ட பேட்டரியில் இருப்பது முழுசாக இருந்தது. சுமை இல்லாதபோது எல்லா வயரும் நல்ல வயர்தான். கரண்ட் ஓடினால்தான் தடை தெரியும். இதை 1827இல் ஜெர்மனியின் கியோர்க் ஓம் எழுதி வைத்தார்: இழப்பு என்பது ஓடுகிற கரண்டையும் வழியிலுள்ள தடையையும் பெருக்கிய அளவு. ஓடாத வயரில் இழப்பு பூஜ்யம். விளக்கை அணைத்துவிட்டு வயரைச் சோதித்து “கரண்ட் வருதே” என்று சொல்லுகிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

*

எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம். மடையில் தண்ணீர் நிறையப் புறப்படும். வாய்க்கால் தூர்ந்திருந்தால், கரை பொத்தலாக இருந்தால், கடைமடை வயலுக்கு வந்து சேரும்போது நூலாகிவிடும். கடைமடைக்காரன் கண்மாயைக் குறை சொல்லிப் பயனில்லை, வயலைக் குறை சொல்லியும் பயனில்லை.

ஹெட்லைட் இந்த வண்டியின் கடைமடை. பேட்டரியில் புறப்பட்ட கரண்ட் டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போகிறது, அங்கிருந்து டிம், பிரைட் மாற்றும் சுவிட்ச், அங்கிருந்து மறுபடி முன்பக்கம், கனெக்டர், பிறகுதான் பல்ப். பல்புக்கும் பேட்டரிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரிகிற தூரம் கொஞ்சம்தான். கரண்ட் நடக்கிற தூரம் 5 மீட்டருக்குக் குறையாது.

ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.018 ஓம் தடை. 60 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர். 5 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் வயரில் மட்டுமே 0.9 வோல்ட் போகும். இது புது வயருக்கு. பழைய வயரின் உள்ளே இழைகள் கறுத்து ஒன்றிரண்டு அறுந்திருக்கும். சுவிட்சின் உள் தகடு கருகியிருக்கும். ஒவ்வொரு கனெக்டரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஒன்றரை வோல்ட் என்றால் பன்னிரண்டில் ஒன்றரை, எட்டில் ஒரு பங்குதானே என்று தோன்றும். வெளிச்சத்தில் கணக்கு அப்படி வருவதில்லை. இழை பல்பின் ஒளி, வோல்டேஜின் ஏறத்தாழ 3.4 மடிப்பெருக்கத்தில் ஏறி இறங்குகிறது. வோல்டேஜில் 10 சதம் குறைந்தால் ஒளியில் 30 சதம் போய்விடும். எச்4 ஹாலஜன் பல்புக்கு டிம்மில் 1,000 லூமன், பிரைட்டில் 1,650 லூமன் என்று தரநிர்ணயம் சொல்வது 13.2 வோல்ட்டில். அதே பல்புக்கு 10.9 கொடுத்தால் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். வயர் சூடாகிறது, இழை சிவந்து எரிகிறது; மிச்சப் பாதி கிடைப்பதே இல்லை.

பாதி வெளிச்சம் என்பது சாலையில் என்ன? முழு வெளிச்சத்தில் 60 மீட்டரில் தெரிகிற ஒருவர், பாதி வெளிச்சத்தில் ஏறக்குறைய 42 மீட்டரில்தான் அதே அளவு தெரிவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி, மனம் உணர்ந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். நல்ல சாலையில் நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 22 மீட்டராவது வேண்டும். மொத்தம் 47.

நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்தேழுக்கும் நடுவே உள்ள அந்த ஐந்து மீட்டரைப் பற்றி நான் அதிகம் நினைக்கிறேன். அதில் ஒரு சைக்கிள் தாராளமாக நிற்கும்.

*

இந்த இழப்பைக் குறைக்கும் வழி ரிலே. அது காருக்காகக் கண்டுபிடித்த பொருள் இல்லை. 1835இல் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி செய்து காட்டினார். பிறகு தந்திக்குப் பயன்பட்டது. நெடுந்தூரக் கம்பியில் வந்து சேரும்போது கரண்ட் மிக மெலிந்து போயிருக்கும், எதையும் இயக்க வலு இருக்காது. ஆனால் ஒரு சிறு மின்காந்தத்தை உயிர்ப்பித்து ஒரு தகட்டை இழுக்க அது போதும். அந்தத் தகடு, அங்கேயே வைத்திருக்கும் வேறொரு பேட்டரியின் பாதையை மூடும். வேலையை அந்த உள்ளூர் பேட்டரி செய்யும்.

இந்தியாவில் தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. அதே வேலை ஒவ்வொரு காரின் போனட்டுக்கு அடியிலும் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

மடை திறக்கிறவர் தண்ணீரைத் தோளில் சுமப்பதில்லை. பலகையைத் தூக்கிவிடுகிறார், அவ்வளவுதான். என் வண்டியின் சுவிட்ச் இத்தனை காலமும் 10 ஆம்பியரைத் தன் உடம்பு வழியாகவே சுமந்திருக்கிறது. ரிலே வைத்த பிறகு அதன் வழியே போவது 0.15 ஆம்பியர் அளவுதான். டேஷ்போர்டு சுவிட்சைத் தொட்டால் முன்பு இளஞ்சூடாக இருக்கும். இப்போது இல்லை. இந்தச் சுவிட்சுக்கு மாற்று கிடைப்பது எவ்வளவு அரிது என்று ஹெரால்டு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். விளக்குக்கு நடந்த நன்மையை விட அதற்கு நடந்த நன்மை பெரிது என்றுகூடச் சில சமயம் நினைக்கிறேன்.

*

இணைப்பு எளிமையானது, எழுதி வைக்கிறேன். டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. ரிலேயின் காலில் எண் இருக்கும். 30இல் பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த வயர். 87இலிருந்து விளக்குக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலின் முனைகள். ஒன்றில் பழைய ஹெட்லைட் வயர், மற்றதில் எர்த். பிரிட்டிஷ் முறை நிறக்குறியில் நீலத்தில் சிவப்புக் கோடு டிம், நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், கறுப்பு எர்த், பழுப்பு நேர் பேட்டரி. வயர் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புச் சுருளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். தேடி நிறம் பார்த்து வாங்குங்கள். உங்களுக்குப் பிறகு இந்த வண்டியைத் திறக்கப்போகிறவருக்குச் செய்கிற உபகாரம் அது.

புது வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். மீட்டருக்கு 0.007 ஓம், 2 மீட்டர் தூரம், 10 ஆம்பியர்: இழப்பு 0.14 வோல்ட்.

பியூஸ் விஷயத்தில் நிதானம் வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பியூஸ் வைப்பதில்லை. பியூஸ் போனால் ஓடுகிற வண்டி சட்டென்று குருடாகிவிடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பியூஸே இல்லாமல் பேட்டரியிலிருந்து தடித்த வயரை இழுத்தால், அது எங்கேனும் உரசி உடம்பைத் தொட்ட நொடியில் தீ. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழிதான்: இடது விளக்குக்குத் தனிப் பியூஸ், வலது விளக்குக்குத் தனிப் பியூஸ், டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி. நான்கு 10 ஆம்பியர் பியூஸ். ஒன்று போனாலும் மற்றது எரியும். இவற்றுக்கு வரும் தாய் வயருக்குப் பேட்டரியின் பக்கத்திலேயே ஒரு பெரிய பியூஸ். ஒரே ஒரு பியூஸில் இரண்டு விளக்கையும் கட்டிக் கொடுக்கிற ரெடிமேட் செட் கடையில் கிடைக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை.

ரிலேயைக் கால் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும், தண்ணீர் தேங்காது. பழைய ஹெரால்டுகளில் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கும். சாதாரண ரிலேக்கு அதனால் ஒன்றுமில்லை. உள்ளே டயோடு வைத்த ரிலேயாக இருந்தால் முனை மாறிய நொடியில் ஷார்ட் ஆகும். வாங்கும்போது ரிலேயின் பக்கவாட்டில் அச்சிட்ட படத்தைப் பார்த்துவிட வேண்டும்.

*

எர்த்.

வயரிங் என்றால் போகிற வழியைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பல்பை எரித்த கரண்ட் முழுவதும், ஒரு துளிகூடக் குறையாமல், பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அந்தத் திரும்பும் வழியில் துரு இருந்தால், போகும் வழியில் எவ்வளவு தடித்த செம்பு போட்டும் புண்ணியமில்லை. போனட் கீலை எர்த்தாக நம்பக் கூடாது. கீலில் பெயின்ட், கிரீஸ், துரு, மூன்றும் இருக்கும். விளக்கின் கறுப்பு வயரையும் 2.5 ஆக்கி, போனட் வளைவில் கொஞ்சம் தளர்வு விட்டு, சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிந்த இடத்தில் திம்பிள் வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவிவிட வேண்டும்.

அண்ணாச்சி ரிலேயைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்தார். செய்துவிட்டு மீட்டரை வைத்தார். பாதி இழப்பு அப்போதே திரும்பிவிட்டது. “பாத்தியா, இன்னும் ரிலே டப்பாவையே பிரிக்கல” என்றார்.

*

லூகாஸ் மின்சாமான்களைப் பற்றி உலகம் முழுக்கக் கேலி உண்டு, இருட்டின் இளவரசன் என்று. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஹெரால்டு வந்த அதே 1961இல் டிவிஎஸ் குழுமம் பர்மிங்காமின் லூகாஸோடு சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது, சென்னையின் பாடியில் தொழிற்சாலை. டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் என்று இந்தியச் சாலையில் ஓடிய வண்டிகளுக்கு உயிர் கொடுத்த இடங்களில் அது ஒன்று. அந்தச் சுவிட்சையும் வயரையும் வடிவமைத்தவர்கள் அந்தக் காலத்துப் பல்பைக் கணக்கில் வைத்தார்கள், பத்துப் பதினைந்து வருஷ ஆயுளைக் கணக்கில் வைத்தார்கள். நாம் அறுபது வருஷம் ஓட்டிவிட்டு, எச்4 60 வாட் பல்பையும் மாட்டிவிட்டு அவர்களைத் திட்டுகிறோம். எச்4 பல்ப் உலகத்துக்கே வந்தது 1971 வாக்கில்.

*

ரிலேயால் முடியாததும் உண்டு. அது ஒளியை உண்டாக்குவதில்லை. பேட்டரி முனையில் இருப்பதைக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவே. டைனமோ வண்டியில் லூகாஸ் சி40 தன் முழு வேகத்தில் தருவது 22 ஆம்பியர். ரயில்வே கேட்டில் இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது அது ஏறக்குறைய ஒன்றும் தராது; விளக்கு பேட்டரியைத்தான் குடிக்கும், மங்கத்தான் செய்யும். ரிலே போட்ட பிறகும் மங்குகிறதே என்று மனம் சலிக்க வேண்டாம். கேட்டில் நிற்கும்போது ஹெட்லைட்டை அணைத்து பார்க்கிங் லைட்டில் நிற்பது அந்த வண்டிக்கு நாம் காட்டும் மரியாதை. எதிரில் நிற்கிறவருக்கும்.

*

100/90 வாட் பல்ப் கடையில் கண்ணெதிரே தொங்குகிறது. ரிலே போட்டாகிவிட்டது, வயர் தாங்கும், போட்டால் என்ன என்று ஆசை வரும். டைனமோ தாங்காது, ரிஃப்ளெக்டரின் பூச்சு சூட்டில் உரியும், சட்டமும் இடம் தராது. இவற்றை விடுங்கள். எதிரே வருகிறவர் கண் தாங்காது. எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஏறக்கூடிய ஒளியை அதுதான் தடுக்கிறது. இவ்வளவு யோசித்து ஒரு கிண்ணத்தை உள்ளே வைத்தவர்களின் கவனத்தை, வாட்டைக் கூட்டி நாம் பாழாக்குகிறோம். ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய நிலைமை நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்தது இப்படித்தான்.

60/55 போதும். அது முழுசாக எரிந்தால் எவ்வளவு என்பதைப் பழைய வண்டிக்காரர்களில் பலர் பார்த்ததே இல்லை. வேலை முடிந்த பிறகு விளக்கின் முனையில் மீட்டர் 12.2 காட்டியது, பேட்டரியில் 12.4. பல்ப் அதே பழைய பல்ப்தான். குன்றின் அடிவரைக்கும் சாலை ஓரக் கல் ஒவ்வொன்றும் வெள்ளையாகத் தெரிந்தது. அதுவரை மஞ்சள்தான் அந்த விளக்கின் நிறம் என்று நினைத்திருந்தேன்.

*

பழைய வயரை அண்ணாச்சி எங்கேயும் வெட்டவில்லை. பழைய கனெக்டரிலேயே புது வயரின் முனையைச் செருகி, ரிலேயின் காயிலுக்குக் கொண்டுபோனார். நாளைக்கு ரிலே ஒன்று நடுவழியில் செத்தால் இரண்டு முனையைக் கழற்றிப் பழையபடி சேர்த்துவிட்டு மங்கல் வெளிச்சத்திலாவது வீடு வந்து சேரலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021இல் மத்திய அரசு, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று தனி விதி கொண்டுவந்தது. நம்மூர் ஹெரால்டுகள் எல்லாம் அந்த வயதை எட்டிவிட்டன. இந்த வேலை, வந்த சுவடு தெரியாமல் திரும்ப எடுக்கக்கூடிய வேலையாக இருப்பது நல்லது.

*

பழைய வண்டி வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஹெரால்டோ, அம்பாசடரோ, பத்மினியோ, இரவில் எடுப்பதற்கு முன்னால் ஒரு மீட்டரை வாங்கி, விளக்கை எரியவிட்டு, பல்பின் முனையில் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் பல்பை மாற்றாதீர்கள். முதலில் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு ரிலே போடுங்கள். எதிரே ஆள் வந்தால், சைக்கிளாக இருந்தாலும் நடையாக இருந்தாலும், டிம் அடியுங்கள்.